எழுவாய் இல்லாத ஓட்டம்

எள்ளைப் பித்தளைத் தட்டில் கொட்டினால் சத்தம் கேட்கும். அம்மா எள்ளைப் புடைத்து, கல் பார்த்து, தட்டுக்கு மாற்றும்போது எழும் அந்தச் சலசலப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஓர் எள் தவறி விழுந்தால் அதன் சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். அதே எள்ளைச் செக்கில் ஆட்டிக் கொண்டுவந்த எண்ணெயைத் தூக்கிலிருந்து ஜாடிக்கு ஊற்றும்போது சத்தமே இருக்காது. கயிறு தொங்குவதுபோல எண்ணெய் நிற்கும். விழுகிறதா, நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஜாடியில் மட்டம் ஏறுவதைக் கண்டுதான் அது விழுந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இடையறாத நினைவுக்கு வைணவ உரைகாரர்கள் சொல்லும் 'தைலதாரை' என்ற உவமை அந்தக் கயிற்றைப் பார்த்தவர்கள் கண்டெடுத்தது. எள்ளை எண்ணலாம். எண்ணெயை அளக்கத்தான் முடியும்.

2023 நவம்பரில் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் லியாங் சென், டக்ளஸ் நேட்டல்சன் ஆகியோரும், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சில்கே பாஷென் குழுவினரும் சேர்ந்து செய்த சோதனை. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட நீளமில்லாத ஒரு கம்பி. அதில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அந்த ஓட்டம் எழுப்பும் இரைச்சலைக் கேட்டார்கள். எள் கொட்டும் சத்தம் வர வேண்டிய இடம் அது. வந்ததோ எண்ணெய் ஊற்றுவதற்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அமைதி. அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. ஏன் என்று சொல்வதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

பள்ளியில் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் நீளமாக ஒரு குழாய் வரைந்து, அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கழித்தல் குறி இட்டார். எலக்ட்ரான்களின் ஓட்டமே மின்னோட்டம். அந்த வாக்கியத்தை இரண்டு மதிப்பெண் விடையாக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஓட்டம் என்றால் ஓடுபவர் இருக்க வேண்டும் என்பதில் யாருக்குமே சந்தேகம் வந்ததில்லை. ஜெர்மனியின் பால் ட்ரூட 1900-இல் வரைந்த படமும் ஏறத்தாழ இதுதான். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் காற்றின் மூலக்கூறுகளைப் போலச் சுதந்திரமாகத் திரிகின்றன, எதிலாவது முட்டுகின்றன, மறுபடி திரிகின்றன என்றார் அவர். குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு சோமர்ஃபெல்ட் அந்தப் படத்தைத் திருத்தினார். தனித்தனியே திரியும் எலக்ட்ரான் என்ற அடிப்படையை அவரும் தொடவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இந்தப் படம் பலித்திருக்கவே கூடாது. ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் இப்படித் திரியும் எலக்ட்ரான்கள் சுமார் 8.5 × 10²². ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் சாதாரணமானதும் அல்ல. அணுக்களைக் கட்டிவைத்திருக்கும் விசையின் அளவுக்கு நிகரானது. அத்தனை நெருக்கத்தில், அத்தனை பகையில் இருப்பவை ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நடப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால் விடை எப்படிச் சரியாக வருகிறது?

அதற்குப் பதில் 1956-இல் மாஸ்கோவிலிருந்து வந்தது. லெவ் லாந்தாவின் பதிலில் உள்ள நுணுக்கத்தை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை. எலக்ட்ரான்களுக்குள் ஒரு கண்டிப்பு உண்டு: ஒரு நிலையில் ஒன்றுதான் இருக்கலாம். குளிர்ந்த உலோகத்தில் கீழ்நிலைகள் எல்லாம் நிரம்பியிருக்கும். இரண்டு எலக்ட்ரான்கள் மோதி விலக வேண்டுமானால் இரண்டுக்குமே போய்ச் சேரக் காலியிடம் வேண்டும். காலியிடம் மேல்விளிம்பில் மட்டுமே கொஞ்சம் இருக்கிறது. வெப்பநிலை பாதியானால் மோதும் வாய்ப்பு கால்பங்காகிவிடும். இன்னும் குளிர்ந்தால் இன்னும் குறையும். தள்ளும் விசை அப்படியேதான் இருக்கிறது, தள்ளிவிடத்தான் இடமில்லை. இந்த ஓர் ஏற்பாட்டால், தன்னைச் சுற்றியுள்ள மற்றவற்றின் அசைவுகளையெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆனாலும் ஒற்றை ஆளாகவே நடக்கும் ஒன்று உருவாகிறது. மின்னூட்டம் எலக்ட்ரானுடையதே, தற்சுழற்சியும் எலக்ட்ரானுடையதே. எடை மட்டும் வேறு.

இதை ஆங்கிலத்தில் குவாசிபார்ட்டிகிள் என்கிறார்கள். தமிழில் போலித்துகள் என்று சொல்லிப் பார்த்தேன். 'போலி' என்றதும் கள்ளநோட்டு நினைவுக்கு வந்து முதலில் கூசியது. பிறகுதான் இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. இலக்கணத்தில் போலி பொய்யானதல்ல. அறம் என்பதை அறன் என்று எழுதினால் கடைப்போலி. நிலம், நிலன் என்றாலும் அதுவே. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நிற்கிறது, பொருள் மாறவில்லை. லாந்தா சொன்னதும் அதைத்தான். எலக்ட்ரான் நிற்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து நிற்கிறது, வாக்கியத்தின் பொருள் கெடவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் வேறொரு மொழிக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலைக் கண்டவர் என்று மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கும் கே. எஸ். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே வத்திராயிருப்பில் பிறந்தவர். 1940களில் ஏ. பி. பாட்டியா என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். உருகிய உலோகத்தில் எலக்ட்ரான் எப்படிச் சிதறுகிறது என்பதை, திரவத்தில் எக்ஸ் கதிர் எப்படிச் சிதறுகிறது என்பதோடு இணைத்துக் காட்டியது அந்த ஆய்வு. அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பதிலும் அக்கறை கொண்டிருந்தவர் அவர். மின்தடையைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போது அந்தப் பெயர் எனக்குத் துணையாக இருக்கிறது.

லாந்தாவின் ஏற்பாட்டுக்கு முன்பே அதன் எல்லை தெரிந்துவிட்டது. 1937-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த மாநாட்டில் நெதர்லாந்தின் தெ பூர், ஃபெர்வெய் ஆகிய இருவர் நிக்கல் ஆக்சைடைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைய கோட்பாட்டின்படி அது உலோகம்போல மின்சாரத்தைக் கடத்த வேண்டும். கையில் இருப்பதோ கடத்தவே கடத்தாத பொருள். பல்லாங்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். குழிக்கு ஒரு சோழி. ஒரு குழியில் இரண்டு சோழி சேரக் கூடாது என்று விதி வைத்தால் எந்தச் சோழியும் நகர முடியாது. ஒவ்வொன்றும் நகரத் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்துக் குழியில் ஆள் இருக்கிறது. எலக்ட்ரான்களுக்கு இந்த விதியை வைப்பது அவற்றின் பரஸ்பரத் தள்ளுதல். நெவில் மாட் இதைப் பின்னர் விரித்துச் சொன்னதால் இவ்வகைப் பொருள்களுக்கு அவர் பெயர் நிலைத்தது. தனி எலக்ட்ரான் ஒவ்வொன்றிலும் குறையொன்றும் இல்லை. சேர்ந்திருப்பதில்தான் முடக்கம் இருக்கிறது. பல்லாங்குழியிலிருந்து சில சோழிகளை எடுத்துவிட்டால்? நகர்வு தொடங்கும். ஆனால் அது சுதந்திரமான நகர்வாக இருக்காது. ஒவ்வொரு அசைவும் சுற்றியுள்ள அத்தனை குழிகளையும் கேட்டுத்தான் நடக்க வேண்டும். பின்னால் வந்த பெரும் புதிர்களெல்லாம் இந்த எடுத்த சோழிகளின் புதிர்தான்.

எதிர்த்திசையில், போலி எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் இயற்கை காட்டியது. சீரியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு பொருளை 1975-இல் மிகக் குளிர்ந்த நிலையில் அளந்தபோது, அதில் திரியும் எலக்ட்ரான்கள் சாதாரண எலக்ட்ரானைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு, சில கணக்குகளில் ஆயிரம் மடங்கை நெருங்கும் எடையோடு நடந்துகொண்டன. 1979-இல் ஃப்ராங்க் ஷ்டெக்லிஷ், சீரியமும் செம்பும் சிலிக்கானும் சேர்ந்த பொருளில் இந்தக் கனத்த எலக்ட்ரான்களே தடையில்லாமல் ஓடும் மீக்கடத்தியாக மாறுவதைக் காட்டினார். காந்த அணுக்கள் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்று எல்லோரும் படித்திருந்த காலம் அது. பலர் நம்ப மறுத்தார்கள். ஒவ்வொரு சீரியம் அணுவிலும் சிக்கிய ஒரு எலக்ட்ரானின் காந்தத்தன்மையைத் திரியும் எலக்ட்ரான்கள் சூழ்ந்து மறைக்கின்றன; மறைத்ததன் விலையாகத் தாமும் கனத்துப் போகின்றன. இலக்கணத்தில் முற்றுப்போலி என்று ஒன்று உண்டு. ஐந்து என்பது அஞ்சு ஆகிறது. ஓர் எழுத்துகூடப் பழையது இல்லை, எண் மட்டும் மாறவில்லை. இந்தக் கனத்த எலக்ட்ரான்கள் அந்த அஞ்சு. லாந்தாவின் இலக்கணம் அங்கேயும் உடையாமல் நின்றது.

உடைந்தது செப்பு ஆக்சைடுகளில். 1986-இல் சூரிச் அருகே ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பீங்கான் போன்ற ஒரு பொருளில் 30 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு. 1987-இன் தொடக்கத்தில் வேறொரு செப்பு ஆக்சைடு 93 கெல்வினைத் தொட்டது. திரவ நைட்ரஜனில் முக்கினாலே போதும் என்ற நிலை. அந்த ஜனவரியில் பெங்களூரில் ஒரு மாநாடு நடந்தது. அங்கே ஃபிலிப் ஆண்டர்சன் சொன்னது: இந்தப் பொருள்களின் தாய்வீடு மாட் சொன்ன அந்த முடங்கிய பல்லாங்குழிதான், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதே ஆண்டு ஜி. பாஸ்கரன், ஸூ, ஆண்டர்சன் மூவரும் சேர்ந்து அந்த எண்ணத்துக்கு முதல் கணித வடிவத்தைக் கொடுத்தார்கள். பாஸ்கரன் பின்னர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். அந்தக் கோட்பாட்டின் துணிச்சல் என்னவென்றால், எலக்ட்ரான் என்ற ஒன்று இந்தக் கூட்டத்துக்குள் இரண்டாகப் பிரிந்துவிடலாம் என்பது. மின்னூட்டம் ஒரு வழியே போகும், தற்சுழற்சி இன்னொரு வழியே. வெளியே எடுத்தால் உடைக்கவே முடியாத துகள், உள்ளே கூட்டத்தில் தன் இரண்டு குணங்களையும் இருவேறு திசைக்கு அனுப்பிவிடுகிறது. செப்பு ஆக்சைடுகளுக்கு இதுதான் விடையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஒற்றைச் சங்கிலியாக அமைந்த சில பொருள்களில் இந்தப் பிரிவு சோதனையில் தெரிந்திருக்கிறது.

எல்லோரும் மீக்கடத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதற்கு மேலே உள்ள நிலைதான் பெரிதாகப்படுகிறது. மீக்கடத்தல் தொடங்குவதற்கு முன்பு, வெப்பநிலை அதிகமாக இருக்கும்போது, இந்தப் பொருளின் மின்தடையை வரைந்து பார்த்தால் ஒரு நேர்க்கோடு வருகிறது. வெப்பநிலை இரட்டித்தால் தடை இரட்டிக்கிறது. நேர்க்கோடு வருவதில் என்ன விந்தை? செம்புக் கம்பியிலும் அறை வெப்பநிலையில் நேர்க்கோடுதானே? உண்மை. ஆனால் செம்பில் அந்தக் கோட்டை வரைவது அணுக்களின் அதிர்வு. குளிர்ந்தால் அதிர்வு அடங்கி, கோடு வளைந்துவிடும். செப்பு ஆக்சைடில் வளையவில்லை. பிஸ்மத் சேர்ந்த ஒரு செப்பு ஆக்சைடில் 1990-இல் அளந்தார்கள்: ஏறத்தாழ 7 கெல்வினிலிருந்து 700 கெல்வின் வரை ஒரே கோடு. கொதிநீரை வெகுவாக மிஞ்சும் சூட்டிலிருந்து திரவ ஹீலியத்தின் பக்கம் வரை, வழியில் எத்தனையோ மாற வேண்டியிருக்க, எதுவுமே மாறாததுபோல.

மேல்முனையிலும் அது அடங்கவில்லை. துகள் ஒன்று முட்டி முட்டிப் போகிறது என்றால், ஒரு முட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏதோ ஒரு தூரம் இருக்க வேண்டும். அந்தத் தூரம் அணுக்களுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடச் சிறிதாக முடியாது. முட்டுவதற்குள் ஒரு அடியாவது எடுத்து வைக்க வேண்டும் அல்லவா? ஆகவே தடை ஓர் உச்சத்தைத் தொட்டு நின்றுவிட வேண்டும். லாந்தனம் செப்பு ஆக்சைடை 1000 கெல்வின் வரை சூடாக்கினாலும் கோடு அந்த உச்சத்தைக் கடந்து ஏறிக்கொண்டே போகிறது. துகள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் பயணம் செய்கிறது என்று விடை வருகிறது. விசித்திர உலோகம் என்று இதற்குப் பெயரிட்டார்கள். மனிதர்கள் தம் சொற்கள் தீர்ந்துபோன இடத்தில் வைக்கும் பெயர் அது.

அந்தக் கோட்டின் சாய்விலிருந்து ஒரு நேரத்தைக் கணக்கிடலாம். ஓட்டத்தின் நினைவு அழிய எவ்வளவு நேரமாகிறது என்று. பலவகை விசித்திர உலோகங்களில் அந்த நேரம், பிளாங்க் மாறிலியையும் வெப்பநிலையையும் மட்டும் கொண்டு எழுதக்கூடிய ஒரு நேரத்தின் அருகிலேயே வந்து நிற்கிறது. அறை வெப்பநிலையில் அது சுமார் 25 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியை 40 லட்சம் கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் செம்பு இல்லை, ஆக்சிஜன் இல்லை, எலக்ட்ரானின் எடைகூட இல்லை. லைடன் பல்கலைக்கழகத்தின் யான் ஸானன் 2004-இல் இதற்கு பிளாங்க்கின் பெயரைச் சூட்டினார். குவாண்டம் விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச வேகத்தில் இந்தப் பொருள் தன்னை மறந்துகொண்டிருக்கிறது என்று அவர் கருதினார். 1911-இல் ஆனஸ் பாதரசத்தைக் குளிரவைத்து மீக்கடத்தலை முதன்முதலாகக் கண்டதும் அதே லைடன்தான். ஸானன் 2024 ஜனவரியில் காலமானார். விடை தெரியாத கேள்வியோடு ஒருவர் தம் ஆயுளை இவ்வளவு மகிழ்ச்சியாகக் கழிக்க முடியும் என்பதை அவர் கட்டுரைகளைப் படிக்கும்போது உணர்ந்திருக்கிறேன்.

இனி இரைச்சலுக்கு வரலாம். 1918-இல் வால்டர் ஷாட்கி வெற்றிடக் குழாயில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்ந்தபோது, ஓட்டம் எவ்வளவு சீராக இருந்தாலும் அதில் ஒரு படபடப்பு இருந்தே தீரும் என்று காட்டினார். மின்னூட்டம் பொட்டலம் பொட்டலமாக வருவதால் அது நேர்கிறது. பொட்டலம் பெரிதானால் படபடப்பு பெரிது, சிறிதானால் சிறிது. அவர் வைத்த பெயரில் 'ஷ்ரோட்' என்ற ஜெர்மன் சொல் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கியில் இடும் சிறு ஈயக் குண்டுகளும் ஷ்ரோட், கரகரப்பாக உடைத்த தானியமும் ஷ்ரோட். தமிழிலும் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிறது: ரவை. உப்புமாவுக்கும் ரவை, துப்பாக்கிக்கும் ரவை. ரவை இரைச்சல் என்று இதைச் சொன்னால் ஷாட்கி நினைத்தது அப்படியே தமிழில் வந்துவிடுகிறது.

இந்த இரைச்சலை நம்பலாம் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. காலியம் ஆர்செனைடில் ஒரு தளத்தில் அடைபட்ட எலக்ட்ரான்களைக் கடுங்குளிரில், பலத்த காந்தப்புலத்தில் வைத்து 1982-இல் சுய், ஷ்டோர்மர், கோசார்ட் ஆகியோர் அளந்தபோது எதிர்பாராத ஒரு பின்னம் வந்தது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கும் துகள்கள் அங்கே உருவாகின்றன என்று அடுத்த ஆண்டு லாஃப்லின் விளக்கினார். மூன்றில் ஒரு பங்கு எலக்ட்ரானை யார் பார்த்தார்கள்? 1997-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலும் பிரான்சின் சாக்லேயிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதன் ரவை இரைச்சலைக் கேட்டன. இரைச்சல் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ரவை இருந்தது, மணி மட்டும் சிறியது. முழு எலக்ட்ரான் ஒன்றுகூட உடையாமல், கூட்டத்தின் ஒழுங்கிலிருந்தே அந்தச் சிறுமணி பிறந்திருந்தது.

ஆகவே விசித்திர உலோகத்தில் காது கொடுத்துக் கேட்பது இயல்பான அடுத்த கேள்வி. அங்கே மணியின் அளவு என்ன? வியன்னாவில் யிட்டர்பியம், ரோடியம், சிலிக்கான் மூன்றையும் அணு அணுவாக அடுக்கி ஒரு மெல்லிய படலம் வளர்த்தார்கள். ஹூஸ்டனில் அதைச் செதுக்கி ஒரு மைக்ரோமீட்டரைவிடக் குட்டையான கம்பியாக்கினார்கள். ஒப்பிடுவதற்கு அதேபோலத் தங்கத்தில் ஒன்று. தங்கக் கம்பி பாடப்புத்தகம் சொன்ன அளவுக்கு இரைந்தது. எலக்ட்ரான்கள் தமக்குள் எவ்வளவு பலமாக மோதிக்கொண்டாலும் அந்த அளவுக்குக் குறையக் கூடாது. போலித்துகள் இருக்கும் வரை அது சற்றுக் கூடத்தான் செய்யும். யிட்டர்பியம் கம்பியோ அதற்கும் வெகுவாகக் கீழே இருந்தது. மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று ஏதேனும் ஒரு பின்னத்திலும் அது நிற்கவில்லை. வெப்பநிலை ஏற ஏற மேலும் அடங்கிக்கொண்டே போனது. அணுக்களின் அதிர்வு இரைச்சலை விழுங்கிவிட்டதோ என்று ஐயம் எழும். வேறொரு நீளமான கம்பியை வைத்து அந்த விழுங்கலின் அளவையும் தனியே அளந்து, அது போதாது என்று காட்டினார்கள். ஓட்டம் இருக்கிறது. அம்மீட்டர் காட்டுகிறது. மணிகளாக எண்ணக்கூடியவை வந்து விழும் சத்தம்தான் இல்லை.

வழக்கு முடிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். போலித்துகளைக் கைவிடாமலே இந்த அமைதியை விளக்கலாம், எலக்ட்ரான்களோடு உறவாடும் வேறு அலைகள் இரைச்சலை உறிஞ்சிக்கொள்ளலாம் என்று வாதிடும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. மறுபுறம், டெல்லியில் பிறந்த சுபீர் சச்தேவ் 1993-இல் தம் மாணவர் யேயுடன் எழுதிய ஒரு மாதிரியில் தொடக்கத்திலிருந்தே துகள் என்று ஒன்று கிடையாது. எல்லாமே எல்லாவற்றோடும் தாறுமாறாகப் பிணைந்திருக்கும் அந்த மாதிரி, 2015-இல் கிட்டாயெவ் கைக்கு வந்தபோது கருந்துளைகளின் கணிதத்தோடு கைகோத்தது. அதிலிருந்து கிளைத்த ஒரு கோட்பாட்டைக் கொண்டு அந்த நேர்க்கோட்டை விளக்க முடியும் என்று சச்தேவும் கூட்டாளிகளும் 2023-இல் எழுதினார்கள். எந்தப் பக்கம் வெல்லும் என்று ஊகிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. எது ஓடுகிறது என்ற கேள்விக்கு, அப்படி ஒன்றும் இல்லை என்பதும் ஒரு விடையாக இருக்கலாம்.

இந்த இடத்தில் எனக்கு மீண்டும் இலக்கண வகுப்பு. எழுவாய் என்றால் எழும் இடம். வினை எங்கிருந்து புறப்படுகிறதோ அது. ஆசிரியர் வாக்கியங்களைச் சொல்லி எழுவாய் எது என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒருநாள் பின்வரிசையில் இருந்த ஒருவன் எழுந்து, "ஐயா, 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் எது?" என்று கேட்டான். ஆசிரியர் சற்று யோசித்தார். 'நான்' அல்ல, நான் எதுவும் செய்யவில்லை, அது என்னிடத்தில் நிகழ்கிறது. பசி என்ற எழுவாயை வருவித்துக்கொள்ளலாம் என்றார் பிறகு. வருவித்துக்கொள்ளலாம். ஆனால் நாம் பேசும்போது வருவிப்பதில்லை. எனக்கு வலிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்குப் புரிகிறது. நிகழ்வு இருக்கிறது, அது நிகழும் இடம் இருக்கிறது, செய்பவர் இல்லை. தமிழ் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை. அன்றாடம் இப்படித்தான் பசித்து, வலித்து, புரிந்துகொண்டு வாழ்கிறோம்.

இதை வைத்து நம் முன்னோருக்கு விசித்திர உலோகம் தெரிந்திருந்தது என்று யாராவது சொல்லத் தொடங்கினால் எனக்கு வருத்தமாக இருக்கும். தெரிந்திருக்கவில்லை. ஒரு மொழியின் வாக்கிய அமைப்பு ஒரு கம்பியின் இரைச்சலைப் பற்றி எதையும் நிறுவாது; அதற்கு அந்தக் கம்பியைச் செய்து, குளிரவைத்து, இரவு பகலாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. ஓட்டம் உண்டு, ஓடுபவர் இல்லை என்ற செய்தியைக் கேட்டதும் மனம் அதைத் தள்ளிவிடப் பார்க்கிறது. எங்கோ ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு கழித்தல் குறி இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறது. அந்தப் பிடிவாதம் கரும்பலகையிலிருந்து வந்தது. அதற்கும் முன்பு, என் வீட்டுத் திண்ணையில் "எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லிக்கொண்டு போய் நின்ற நாளில், செய்பவர் இல்லாத வாக்கியம் ஒன்று என் வாயிலேயே இருந்தது. புதிய செய்தியை உட்கார வைக்க எனக்குள் ஏற்கெனவே ஒரு மணை இருந்திருக்கிறது.

யிட்டர்பியம் சேர்மத்தைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 0.07 கெல்வினுக்குக் கீழே அது ஒருவகைக் காந்த ஒழுங்குக்குள் போய்விடும். படிகத்தின் தளத்தில் சுமார் 0.06 டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் அந்த ஒழுங்கு கரைந்துவிடுகிறது. விளையாட்டுக் கடையில் வாங்கும் சிறு காந்தத்தால்கூட எட்டக்கூடிய புலம் அது. விசித்திரம் அந்த விளிம்பிலிருந்து விரிகிறது. புலத்தை மேலும் கூட்டினால் குளிரில் நேர்க்கோடு வளையத் தொடங்கும், லாந்தாவின் இருமடி விதி திரும்பி வரும், கனத்த போலித்துகள்கள் மீண்டும் நடக்கும். அம்மா எண்ணெய் ஊற்றி முடிக்கும் நேரம் நினைவுக்கு வருகிறது. தூக்கை நிமிர்த்த நிமிர்த்தக் கயிறு மெலியும், மெலிந்து மெலிந்து ஓரிடத்தில் அறும், அதன் பிறகு சொட்டு, சொட்டு என்று கேட்கும். தூக்கைக் கொஞ்சம் சாய்த்தால் சத்தம் நின்று மறுபடி கயிறு. அந்த அறும் இடத்தைப் பார்ப்பதற்காகவே நான் ஜாடிக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருப்பேன்.